மேஜருக்கு எந்தக் கால்?

ஊத்துமலைத் தேயிலைத் தோட்டத்தில் நோவு என்று சொல்லி ஒரு நாள் லயத்து வீட்டில் படுத்துக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் முதலில் செல்வரத்தினத்தைத் தாண்டவேண்டும். தாண்டியவர்கள் மிகக் குறைவு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பதினாறு வருஷமாகத் தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தவர் அவர். டாக்டருக்குப் படித்தவர் அல்ல. இரண்டு வருஷப் பயிற்சியும் தடித்த ஒரு வைத்தியப் புத்தகமும்தான் அவருடைய சொத்து. இருந்தாலும் லயங்களில் அவர்தான் டாக்டரய்யா. மாதம் ஒருமுறை பதுளையிலிருந்து வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிற அசல் டாக்டரை, 'வந்துபோற டாக்டர்' என்று ஒரு படி கீழே இறக்கித்தான் சொல்வார்கள்.

காலையில் பெரட்டுக் களத்தில் அன்றைய வேலைக்குப் பேர் கொடுத்ததும், சுகமில்லாதவர்கள் டிஸ்பென்சரி வாசலில் வரிசையாக வந்து நிற்பார்கள். செல்வரத்தினம் பார்த்துத் துண்டு எழுதிக் கொடுத்தால் அன்றைக்கு ஓய்வு. கொடுக்காவிட்டால் கூடையைத் தூக்கிக்கொண்டு மலை ஏறவேண்டியதுதான். பத்துப் பேரில் ஒன்பது பேர் நடிகர்கள் என்பது அவர் முடிவு. அந்தப் பத்தாவது ஆளும் நன்றாக நடிக்கிறவனோ என்று அவருக்கு ஒரு சந்தேகம் எப்போதும் உண்டு. வயிற்றுவலி என்று வந்தால் விளக்கெண்ணெய். அதைக் குடிப்பதைவிட மலைக்குப் போவதே மேல் என்று பாதிப் பேருக்கு வாசலிலேயே வலி நின்றுவிடும்.

கால்வலிக்காரர்களுக்கு அவர் தனியாக ஒரு வித்தை வைத்திருந்தார். "வடிவாய் நட பாப்பம்" என்று விறாந்தையில் நடக்கவிடுவார். அந்த ஆள் நொண்டி நொண்டிப் பாதித் தூரம் போனதும், பின்னாலிருந்து திடீரென்று "குளவி!" என்று கத்துவார். தேயிலைக்குள் குளவிக்கூடு கலைந்து ஒருமுறையாவது உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடாதவர்கள் அந்த மலையில் யார் இருக்கிறார்கள்? நொண்டிக்கொண்டிருந்தவன் ஒரே பாய்ச்சலில் நாலு படியையும் தாண்டி வாசலில் நிற்பான். "கால் சுகம், மலைக்குப் போ" என்பார் செல்வரத்தினம். வரிசை முழுக்கச் சிரிக்கும். மாட்டிக்கொண்டவனும் வேறு வழியில்லாமல் சேர்ந்து சிரிப்பான்.

மூக்காயி மட்டும் சிரித்ததில்லை. நாற்பதைத் தாண்டிய கொழுந்துக்காரி. மூன்று மாதத்தில் நாலு தரம் முழங்கால் நோவு என்று வந்துவிட்டாள். முதல் தரமே குளவி வித்தைக்கு மாட்டினாள். மூன்று எட்டு ஓடி, படியில் விழுந்து, தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். ஓடினது ஓடினதுதான் என்று செல்வரத்தினம் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"குளவின்னா ஓடாம என்னாங்க செய்யிறது?" என்றாள் மூக்காயி. "பொணமும் பாயச் சுருட்டிக்கிட்டு ஓடுமுங்களே."

"உந்தக் கதையெல்லாம் என்னட்டை வேண்டாம். போ, போ."

அதற்குப் பிறகு வந்தபோதெல்லாம் முழங்காலில் அயடினைப் பூசி அனுப்பினார். செங்குத்து மலையை விட்டுப் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்க்கிற வேலைக்கு ஒரு துண்டு தரச்சொல்லி அவள் கேட்டாள். அவர் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் ஒவ்வொரு தரமும் நோயாளிப் புத்தகத்தில் பேர், நோவு, தீர்ப்பு மூன்றையும் முத்து முத்தாக எழுதிவைத்தார். எழுத்து விஷயத்தில் மனிதர் அவ்வளவு ஒழுங்கு.

இப்படிப்பட்டவர் வீட்டுக்குத்தான், அறுபத்தொன்பதாம் வருஷக் கார்த்திகை மழையோடு, மேஜர் வந்து சேர்ந்தான். பூனாகலைத் தோட்டத்துக்கு மாற்றலாகிப் போன உதவி நிர்வாகி, எல்லாருக்கும் சின்னத்துரை, ஜீப்பில் இடமில்லை என்று சொல்லி, மூன்று மாத நாய்க்குட்டி ஒன்றைச் செல்வரத்தினத்தின் கையில் திணித்துவிட்டுப் போனார். உடம்பெல்லாம் வெள்ளை, ஒரு காது மட்டும் பழுப்பு. மேஜர் என்று பேர் வைத்ததும் சின்னத்துரைதான். துரை தந்ததை வேண்டாம் என்று சொல்லும் பழக்கம் செல்வரத்தினத்துக்கு இல்லை. நாய் வளர்க்கும் பழக்கமும் இல்லை.

"இதை எங்கை கட்டுறது?" என்று மனைவி ஜெயமலரிடம் கேட்டார்.

"என்னைக் கேட்டால்? வெளியிலைதான் கட்டவேணும்" என்றாள் அவள்.

முதல் நாள் வெளியில் கட்டினார்கள். மழை. இரண்டாம் நாள் குசினி வாசலில். மூன்றாம் நாள் அவன் செல்வரத்தினத்தின் சாய்மனைக் கதிரையில் படுத்திருந்தான். அவர் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இரண்டு பெண்பிள்ளைகளும் யாழ்ப்பாணத்தில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்ததால் வீடு வெறிச்சென்று கிடந்த காலம் அது. வெளியில் சொல்லமாட்டாரே தவிர, ஒரு கிழமைக்குள் மனிதருக்கு அந்தக் குட்டிமேல் உயிர்.

உயிர் வைத்தால் பயமும் கூடவே வந்துவிடுகிறதே. மேஜருக்கு விக்கல் எடுத்தது. செல்வரத்தினம் ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்தார். செருப்பின் வாரைத் தின்றுவிட்டு வாந்தியெடுத்தான்; இரண்டு நாள் பார்லித் தண்ணீர். சொறிந்தான், தெள்ளுப் பிடித்திருக்கிறது என்று ஜெயமலர் சொல்ல, இவர் புத்தகத்தைப் புரட்டி எட்டு விதத் தோல் வியாதிகளின் பெயரைச் சொன்னார். அவள் வேப்பெண்ணெயைத் தேய்த்துக் குளிப்பாட்டினாள், சொறி நின்றது. தன் எட்டு வியாதியும் ஒரே நாளில் குணமானதில் செல்வரத்தினத்துக்குக் கொஞ்சம் ஏமாற்றந்தான்.

வினை அட்டையால் வந்தது. ஒரு நாள் மழைவிட்ட நேரத்தில் தேயிலைக்குள் ஓடித் திரும்பிய மேஜர், முன் இடது காலைத் தூக்கிக்கொண்டு மூன்று காலில் வந்தான். விரலிடுக்கில் அட்டை கடித்து இரத்தம் வந்திருந்தது. தோட்டத்தில் பச்சைக் குழந்தைகூட அட்டைக்கடிக்கு அழாது. எச்சிலைத் தொட்டு வைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். செல்வரத்தினமோ மருந்து வைத்து, பஞ்சு வைத்து, பிரசவ வார்டுக்கு வைத்திருந்த நல்ல துணியில் கட்டுப் போட்டார். மேஜர் மடியில் ஏற்றப்பட்டான். மேரி பிஸ்கட் பாலில் நனைத்து ஊட்டப்பட்டது. ஜெயமலர் சிரித்துக்கொண்டே குசினிக்குப் போய்விட்டாள்.

புண் இரண்டே நாளில் ஆறியது. நொண்டல் ஆறவில்லை. காலையில் துள்ளிக்கொண்டு எழுந்திருப்பான். செல்வரத்தினம் கண்ணில் பட்டதும் கால் தூக்கிக்கொள்ளும், முகம் வாடிப்போகும். உடனே மடி, உடனே பிஸ்கட். இப்படியே ஒரு கிழமை போனது. கட்டுப்போட்ட நாயை இடது கையில் ஏந்திக்கொண்டு, வலது கையால் மனிதர்களுடைய நாக்கைப் பார்த்தார் டாக்டரய்யா. வரிசையில் நின்றவர்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள்.

கை எழுதிப் பழகிவிட்டதே! மேஜரையும் அவர் அந்த நோயாளிப் புத்தகத்திலேயே எழுதினார். 'மேஜர். முன் இடது கால். பூரண ஓய்வு.' அதற்கு நேர் மேல் வரி: 'மூக்காயி. இடது முழங்கால். அயடின். வேலைக்கு.' இரண்டையும் ஒரே பேனாவால் ஒரே காலையில் எழுதியவருக்கு, அதில் எதுவும் வித்தியாசமாகப் படவில்லை.

அடுத்த வியாழக்கிழமை காலை ஜெயமலர் விறாந்தையிலிருந்து கூப்பிட்டாள். "இஞ்சாருங்கோ, நேற்று உவன் தூக்கினது கட்டுப்போட்ட காலெல்லே? இண்டைக்கு மற்றக் காலைத் தூக்கிறான்."

செல்வரத்தினம் வந்து பார்த்தார். உண்மைதான். கட்டுப்போட்ட இடது காலை நிலத்தில் நன்றாக ஊன்றி, வலது காலைத் தூக்கிக்கொண்டு, மேஜர் பரிதாபமாகப் பார்த்தான். எந்தக் கால் என்பது பாவம் அவனுக்கு ஞாபகமில்லை.

"உது நடிக்குது" என்றாள் ஜெயமலர்.

"விசர்க்கதை கதையாதையும்" என்றார் செல்வரத்தினம். முகம் வெளிறிவிட்டது. உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்தார். இருக்கவே இருக்கிறது: வாதக் காய்ச்சல். இன்றைக்கு ஒரு மூட்டு, நாளைக்கு வேறு மூட்டு என்று தாவும். விட்டால் இருதயத்தைப் பிடிக்கும். ஸ்டெதஸ்கோப்பை நாயின் நெஞ்சில் வைத்தார். நிமிஷத்துக்கு நூற்று நாற்பது. அதுவும் சீராக இல்லை. நின்று நின்று அடித்தது. நாய்க்குட்டிகளுக்கு எல்லாம் அப்படித்தான் அடிக்கும் என்பது அந்தத் தடித்த புத்தகத்தில் இல்லை, ஏனென்றால் அது மனிதர்களுக்கு எழுதிய புத்தகம்.

"இருதயம் போகப்போகுது, ஜெயம்" என்றார். கண் கலங்கியிருந்தது. ஜெயமலர் அதற்குமேல் சிரிக்கவில்லை.

பதுளையில் மிருக வைத்தியர் இருந்தார். அடுத்த நாளே மேஜரைத் தெமோதரை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் ரயிலேற்றுவது என்று முடிவாயிற்று. ஸ்டேஷனுக்கு மூன்று மைல், முழுக்க இறக்கம், மழையில் வழுக்குகிற குறுக்குப் பாதை. நோயாளியைக் குலுங்காமல் கொண்டுபோகவேண்டும். கூடை தூக்க ஒரு ஆள் அனுப்பச்சொல்லிக் கங்காணிக்குச் சொல்லியனுப்பினார். கங்காணி கணக்காக யோசித்தார். கைவேகம் உள்ள ஆளை விட்டால் கொழுந்து குறையும். அதனால் மலையிலேயே மெதுவாக எடுக்கிற ஆளை அனுப்பினார். மூக்காயி வந்து நின்றாள்.

செல்வரத்தினத்துக்கு ஒரு நிமிஷம் என்னவோபோல் இருந்தது. ஆனால் ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

கொழுந்துக் கூடைக்குள் கம்பளி விரித்து மேஜரை இருத்தினார்கள். மூக்காயி கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு நடந்தாள். செல்வரத்தினம் குடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார். குடை கூடைக்குமேல் இருந்தது. வழியெல்லாம் "பாத்துப் போ, குலுக்காதை, அவனுக்கு இருதயம்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவள் இடது காலை இழுத்து இழுத்து வைத்தாள். இறக்கத்தில் ஒவ்வொரு படிக்கும் ஒருமுறை நின்று மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டாள். இரண்டு எட்டுப் பின்னால் வந்த செல்வரத்தினத்துக்கு அது தெரிந்தது. தெரியாதமாதிரி மழையைத் திட்டினார்.

ஸ்டேஷனில் ரயில் வர இன்னும் அரைமணி இருந்தது. மேஜரை எடுத்துப் பிளாட்பாரத்து வாங்குப் பலகையில் இருத்தினார். மேஜர் வலது காலைத் தூக்கிக் காட்டி, தலையைத் தொங்கப்போட்டான். டிக்கட் கொடுக்கிறவர்கூட வெளியே வந்து, "பாவம், என்ன வருத்தம், காய்ச்சலா?" என்று கேட்டுவிட்டுப் போனார். மேஜருக்கு அந்த விசாரிப்பு மிகவும் பிடித்திருந்தது.

மூக்காயி பிளாட்பாரத்தின் அந்தக் கோடியில் போய் உட்கார்ந்து, காலை நீட்டி, மடியிலிருந்து சாப்பாட்டுப் பொட்டலத்தை எடுத்தாள். விடிய நாலரைக்கு எழுந்தவள். கோதுமை ரொட்டியும் சுட்ட கருவாடும். பொட்டலத்தைப் பிரித்தாள்.

காற்று இந்தப் பக்கம் வீசியது.

மேஜரின் மூக்கு முதலில் எழுந்தது. பிறகு காது. பிறகு இருதய நோயாளி வாங்கிலிருந்து ஒரே பாய்ச்சலில் குதித்தான். நாலு காலும், ஒன்றுக்கொன்று சளைக்காமல், பிளாட்பாரத்தின் முழு நீளத்தையும் பறந்து கடந்தன. வழியில் ஒருவருடைய பெட்டியைத் தாண்டினான். கருவாட்டைக் கவ்வினான். அதோடு நிற்காமல், வாயில் கருவாட்டோடு டிக்கட் ஜன்னலை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தான். கட்டு அவிழ்ந்து, பிரசவ வார்டுத் துணி கொடிமாதிரிப் பின்னால் பறந்தது.

செல்வரத்தினம் குடையைப் பிடித்தபடியே நின்றார். மழை எப்போதோ நின்றிருந்தது.

மூக்காயி மிச்சமிருந்த ரொட்டியை மெதுவாக மென்று விழுங்கினாள். பிறகு மேலே பார்த்து, கீழே பார்த்து, ரொம்ப அக்கறையாகச் சொன்னாள்:

"குளவி வந்துருச்சு போல, ஐயா."

டாக்டரய்யா குடையை மடக்கினார். ரயில் வந்தது. அவர் ஏறவில்லை. அது அவரை விட்டுவிட்டுப் புறப்பட்டு, மலையைச் சுற்றி இறங்கி, ஸ்டேஷனுக்கு அடியிலிருக்கும் சுரங்கத்துக்குள் நுழைந்து, அவருடைய காலடியிலேயே கூவிக்கொண்டு போனது. அதுவும் சிரிப்பதுபோலத்தான் அவருக்குக் கேட்டது.

மெல்ல நடந்து மூக்காயியிடம் வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"மூக்காயி, உதை லயத்திலை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை. பிறகு என்ரை பேச்சை ஆர் மதிப்பினம்?"

"நான் என்னத்துக்கு ஐயா சொல்லப்போறேன். வாயில்லாச் சீவன், மடி கேட்டுச்சு, பிஸ்கோத்து கேட்டுச்சு. கேக்கிற விதமா கேட்டாத்தானே கெடைக்குது." ரொட்டிக் காகிதத்தை மடித்து மடியில் சொருகினாள். "எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அதுக்கு எந்தக் காலுன்னு பொஸ்தகத்துல எழுதியிருக்கீங்க?"

"முதல்லை இடது. பிறகு... வலது."

"எனக்கு?"

செல்வரத்தினம் வாயைத் திறந்தார். புத்தகம் பக்கத்தில் இல்லை, தேவையும் இல்லை. முத்து முத்தான அந்தக் கையெழுத்து அப்படியே கண்ணுக்குமுன் வந்து நின்றது. இடது முழங்கால். இடது முழங்கால். இடது முழங்கால். இடது முழங்கால்.

"எங்காலு மாறவே இல்லீங்களே, ஐயா" என்றாள் மூக்காயி.

அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் அவருக்குப் பதிலுக்கு அதட்ட வந்திருக்கும். அது இல்லாததுதான் சுட்டது. வெட்கத்தில் காது சிவந்துவிட்டது மனிதருக்கு. அந்த ஈரப் பிளாட்பாரத்திலேயே, டிக்கட்காரர் பார்க்கப் பார்க்க, முழந்தாளிட்டு உட்கார்ந்தார். அவள் சேலையைச் சற்று ஒதுக்க, முழங்காலைக் கையால் தொட்டுப் பார்த்தார். மூன்று மாதமாக அயடின் பூசியிருக்கிறார். தொட்டுப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. முழங்கால் பந்துபோல் வீங்கி, நீர் கோத்து, சூடாக இருந்தது. இந்தக் காலோடுதான் இவள் இத்தனை நாளும் மலை ஏறியிருக்கிறாள், இந்தக் காலோடுதான் அந்த நாயைச் சுமந்துகொண்டு வந்திருக்கிறாள்.

"பிழை விட்டிட்டன்" என்றார்.

மூக்காயி அதைக் கேட்காததுபோல் சேலையைச் சரிசெய்துகொண்டாள்.

திரும்பும்போது கொழுந்துக் கூடை டாக்டரய்யாவின் முதுகில் இருந்தது. அதற்குள் கம்பளியும் அவருடைய கோட்டும் மட்டும். மூக்காயி குடையை ஊன்றிக்கொண்டு, அங்கங்கே உட்கார்ந்து உட்கார்ந்து, தன் பாட்டுக்கு நடந்தாள். மேஜர் நாலு காலில் முன்னுக்கு ஓடி, ஏன் இவ்வளவு மெதுவாக வருகிறீர்கள் என்பதுபோல் திரும்பித் திரும்பிப் பார்த்தான். பதினாறாம் நம்பர் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் கையை நிறுத்திவிட்டு அந்த ஊர்வலத்தைப் பார்த்தார்கள். மூக்காயி சத்தியமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல மிச்சமும் இருக்கவில்லை.

அன்று பின்னேரம் விளக்கேற்றுவதற்கு முதலே செல்வரத்தினம் நோயாளிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். முதல் பக்கத்திலிருந்து விரலை வைத்து வாசித்தார். கால் மாறினவர்கள், வயிறு தலையானவர்கள், திங்கட்கிழமை மட்டும் நோவு வருகிறவர்கள் எல்லாரையும் தள்ளினார். எத்தனை தரம் வந்தாலும் அதே இடத்தில் அதே நோவு என்று சொன்னவர்கள் மூக்காயியோடு சேர்த்து ஆறு பேர். ஆறு பேருடைய பேரையும் வேறு தாளில் எழுதினார். "சாப்பிட வாங்கோ" என்று ஜெயமலர் இரண்டு தரம் கூப்பிட்டும் அவர் எழும்பவில்லை.

மறுநாள் காலை அந்த ஆறு பேரையும் பேர் சொல்லி முன்னுக்கு அழைத்தார். என்ன பிழை செய்தோமோ என்று பயந்துகொண்டு வந்தார்கள். ஒவ்வொருவரையும் உட்காரவைத்து, தொட்டுப் பார்த்து, நாலு பேரைப் பதுளை ஆஸ்பத்திரிக்கு எழுதினார். மூக்காயிக்கு ஆஸ்பத்திரித் துண்டோடு பிள்ளைக்காம்பரா வேலைக்கும் துண்டு. அவள் அதை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "கும்புடுறேங்க" என்று சொல்லி, வாசலில் கிடந்த மேஜரைத் தாண்டாமல் சுற்றிக்கொண்டு போனாள்.

அடுத்ததாகச் சங்கிலி வந்தான். தோட்டத்திலேயே பேர்போன கால்வலிக்காரன். விறாந்தையில் நடக்கச் சொல்லவும் தேவையில்லாமல், நொண்டிக்கொண்டே ஒரு சுற்று வந்து காட்டினான். வரிசை முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு குளவிக்காகக் காத்திருந்தது.

செல்வரத்தினம் கத்தவில்லை. "எந்தக் கால்?" என்றார்.

"வலதுங்க."

புத்தகத்தைப் புரட்டினார். "போன மாதம் இடது. அதுக்கு முதல் மாதம் வலது. அதுக்கு முதல் இடது." கண்ணாடியைக் கழற்றினார். "சங்கிலி, இது லேசான வருத்தமில்லை. மேஜருக்கு வந்த அதே வருத்தம்."

வரிசையில் யாரோ இருமினார்கள். யாரோ முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார்கள்.

"அதுக்கு மருந்து இருக்குங்களா, ஐயா?"

"இருக்கு" என்றார் செல்வரத்தினம். மேசை லாச்சியைத் திறந்து ஒரு மேரி பிஸ்கட்டை எடுத்து அவன் கையில் வைத்தார். புத்தகத்தில் முத்து முத்தாக எழுதினார்: 'சங்கிலி. மேஜர் வருத்தம். பிஸ்கட் ஒன்று. வேலைக்கு.'

அதற்குமேல் யாராலும் அடக்க முடியவில்லை. டிஸ்பென்சரித் தகரம் அதிரச் சிரித்தார்கள். செல்வரத்தினமும் சிரித்தார், அவரோடு சேர்ந்து வரிசை சிரித்தது அன்றைக்குத்தான். சிரிப்புச் சத்தத்தில் விழித்த மேஜர், பிஸ்கட்டைக் கண்டதும் எழுந்து, ஒரு கணம் யோசித்து, பின்னங்கால் ஒன்றைத் தூக்கிக்கொண்டு சங்கிலியிடம் வந்தான்.

சங்கிலி அவனை மேலும் கீழும் பார்த்தான். பிஸ்கட்டை இரண்டாக உடைத்து, பெரிய பாதியை அவனுக்குப் போட்டான்.

"புதுசா ஒரு காலு கண்டுபிடிச்சிருக்கான்யா!" என்று சொல்லிவிட்டு, நொண்டாமல் மலை ஏறினான்.